ஏழு கிழமைப் போன் எழும்பவில்லை: திறப்பதா, கொடுப்பதா?

வாசகி ஒருவரின் கேள்வி: "நான் முத்தையன்கட்டுப் பக்கத்தில் வசிக்கிறேன். சிறுபோக அறுவடைக் காசில் மிச்சம் பிடித்து, வவுனியா நகரிலுள்ள ஒரு கடையில் 64,000 ரூபாவுக்குப் புதிய அன்ட்ரொயிட் போன் வாங்கி ஏழு கிழமைதான் ஆகிறது. கீழே விழவில்லை, நனையவுமில்லை. போன கிழமை இரவு சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்தேன். விடிய எழும்பிப் பார்த்தால் திரை கறுப்பாகக் கிடக்கிறது, எதை அழுத்தினாலும் அசைவில்லை. கடையில் திறந்துகூடப் பார்க்காமல் 'தண்ணீர் பட்டிருக்கும், வாரண்டி செல்லாது' என்றார்கள். விடாமல் கேட்டதும், 'கொழும்புக்கு அனுப்பிப் பார்க்கலாம், ஆறு எட்டுக் கிழமை செல்லும்' என்றார்கள். ஊரில் போன் திருத்தும் தம்பி 3,000 ரூபா தந்தால் உடனே கழற்றிப் பார்ப்பதாகச் சொல்கிறார். இப்போது அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறேன். ஐப்பசியில் காலமான என் அம்மாவின் கடைசிப் படங்களும் குரலும் அதற்குள்தான் இருக்கின்றன. சிலவற்றை மட்டும் கனடாவிலுள்ள அக்காவுக்கு அனுப்பியிருந்தேன். நான் என்ன செய்யவேண்டும்?"

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தாயாரைப் பறிகொடுத்த துயரம் ஆறுமுன்னரே இந்தச் சிக்கலும் வந்து சேர்ந்திருக்கிறது. கிளிநொச்சியில் பல வருடங்களாகப் போன் திருத்தும் மேசையில் இருப்பவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஊர்த் தம்பி நல்லவராகவே இருக்கட்டும், இப்போதைக்கு அவர் அந்தப் போனைத் திறக்கக்கூடாது. கடையிலும் இன்றைக்கே கொடுத்துவிட வேண்டாம். உங்கள் கையில் இரண்டு காரியங்கள் இருக்கின்றன. ஒன்று 64,000 ரூபா, மற்றது அம்மாவின் படங்கள். இரண்டும் ஒரே வழியில் போவதில்லை என்பதுதான் இதிலுள்ள சிக்கல். வாரண்டிக்காரர் போனை மீட்டுத் தருவார், படங்களை மீட்டுத் தருவதாகப் பொறுப்பேற்கமாட்டார். வெளியில் திறந்து படங்களைத் தேடினால் வாரண்டி போய்விடும். எனவே எதை எந்த ஒழுங்கில் செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் போனை அரிசியிலிருந்து எடுங்கள். அரிசி போனுக்குள் இருக்கும் ஈரத்தை இழுத்தெடுப்பதில்லை. அதன் தூசியும் குறுணலும்தான் சார்ஜ் துவாரத்துக்குள் போய் அடைக்கும். போனை அரிசியில் போடவேண்டாம் என்று அப்பிள் நிறுவனமே 2024இல் தன் வாடிக்கையாளருக்கு எழுதியிருந்தது. போனின் முதுகுப்பக்கம் உப்பியிருக்கிறதா, திரை ஓரத்தில் எழும்பி நிற்கிறதா, தொட்டால் சூடாக இருக்கிறதா, கருகிய மணம் வருகிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்றாவது இருந்தால் இனி அதைச் சார்ஜில் போடக்கூடாது, அழுத்தவும் கூடாது. தீப்பிடிக்கும் பொருட்களுக்கு எட்டத்தில் வையுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் மட்டுமே அடுத்த வேலைக்கு வரலாம்.

போன் உண்மையில் செத்துவிட்டதா, திரை மட்டும் செத்ததா என்பதை வீட்டிலேயே அறியலாம். உங்கள் சிம் அட்டை உள்ளே இருக்கும்போதே வேறொரு போனிலிருந்து உங்கள் இலக்கத்துக்கு அழையுங்கள். அழைப்பவரின் காதில் மணி போகிறதா, தொடர்புகொள்ள முடியவில்லை என்ற அறிவிப்பு வருகிறதா என்று கேளுங்கள். அதேநேரம் செத்துப்போனதாக நினைக்கும் போனை உள்ளங்கையில் வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் வராவிட்டாலும் மெல்லிய அதிர்வு தெரிந்தால் போதும், உள்ளே உயிர் இருக்கிறது, பழுது திரையிலோ அதன் இணைப்பிலோதான். சில வகைத் திரைகளில், இருட்டறையில் டோர்ச் வெளிச்சத்தைச் சரிவாகப் பிடித்தால் மங்கலாக எழுத்துகூடத் தெரியும். இப்படி உயிர் இருப்பது தெரிந்தால் படங்களுக்கு ஆபத்து குறைவு.

அதிர்வும் இல்லையென்றால், பவர் பொத்தானையும் சத்தத்தைக் குறைக்கும் பொத்தானையும் சேர்த்து 20 வினாடி அழுத்திப் பிடியுங்கள். சில மொடல்களுக்குப் பவர் பொத்தானை மட்டும் 30 வினாடி பிடிக்கவேண்டும். மென்பொருள் இறுகி நின்ற போன்கள் இதில் எழும்பிவிடும். இங்கே ஓர் எச்சரிக்கை. இப்படி அழுத்தும்போது சில போன்களில் கறுப்புத் திரையில் சிறிய ஆங்கில எழுத்துகளோடு ஒரு பட்டியல் வரும். அதில் 'வைப் டேட்டா' அல்லது 'ஃபக்டரி ரீசெட்' என்று இருப்பதைத் தவறியும் தெரிவுசெய்யாதீர்கள்; உங்கள் அம்மாவின் படங்களை அழிப்பது அந்த ஒரு வரிதான். 'ரீபூட்' என்று இருப்பதை மட்டும் தெரிவுசெய்யலாம்.

பிறகு சார்ஜர். லிதியம் பற்றரி ஒரேயடியாக வடிந்து ஏறத்தாழ 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால், அதிலுள்ள பாதுகாப்புச் சுற்று மின்னைத் துண்டித்துவிடும். அப்போது சார்ஜரைக் கொழுவியவுடன் எதுவும் தெரியாது. அரை மணிநேரம், சிலவேளை ஒரு மணிநேரம் பொறுத்தால்தான் அடையாளம் வரும். இரவு முழுவதும் சார்ஜில் கிடந்த போனுக்கு எப்படி வடிந்தது என்று கேட்பீர்கள். வயர் பழுதானாலோ, துவாரத்தில் பஞ்சு அடைந்திருந்தாலோ, கொழுவியிருந்தும் மின் ஏறியிருக்காது. பொக்கெட்டிலும் கைப்பையிலும் இருந்து வந்த பஞ்சும் எங்கள் ரோட்டுச் செம்மண் தூசியும் அந்தத் துவாரத்தின் அடியில் நெல்லுமணி அளவுக்கு இறுகிக் கிடப்பதை நான் பெருக்குக் கண்ணாடியில் அடிக்கடி பார்க்கிறேன். வயரின் முனை முழுதாக உள்ளே போகாமல் ஒரு நூலளவு வெளியே நின்றால் அதுதான் அடையாளம். ஊசியாலோ சட்டைப் பின்னாலோ கிளறாதீர்கள்; காய்ந்த பற்குத்தியால் மெல்ல எடுக்கலாம். நன்றாக வேலை செய்கிறது என்று தெரிந்த வேறொரு சார்ஜரும் வயரும் கொண்டு ஒரு மணிநேரம் பக்கத்திலிருந்து பாருங்கள். உங்கள் சார்ஜரை இன்னொருவர் போனில் பரீட்சிக்கவேண்டாம். கார்த்திகை மாத இடி மின்னலில் அது அடிபட்டிருந்தால் அந்தப் போனும் சேர்ந்து போகும்.

அன்றிரவு இடி இருந்ததா என்று நினைத்துப் பாருங்கள். இருந்திருந்தால் மின்னழுத்தம் திடீரென ஏறிச் சார்ஜர் வழியாகப் போனைத் தாக்கியிருக்கக்கூடும், அந்த வகைச் சேதத்தைப் பெரும்பாலான வாரண்டிகள் ஏற்பதில்லை. இதை மறைக்கச் சொல்லி நான் உங்களுக்கு ஆலோசனை தரமாட்டேன். கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். ஆனால் நீங்கள் கண்ணால் காணாத ஒன்றை அவர்கள் சொல்லும்படி ஒப்புக்கொள்ளவும் வேண்டாம்.

'புதுப் போன் எப்படித் தானாகச் சாகும், நீங்கள்தான் ஏதோ செய்திருக்கிறீர்கள்' என்று கடைக்காரர் சொல்வது எங்கள் தொழிலில் தினமும் காதில் விழும் வார்த்தை. அது சரியல்ல. நட்ட தென்னம்பிள்ளையில் பட்டுப்போவது பெரும்பாலும் முதல் மாதங்களில்தான் படும். வேர் பிடித்ததென்றால் பல வருடத்துக்குப் பயமில்லை. மின்னணுப் பொருட்களும் அப்படித்தான். ஈயப் பற்றுச் சரியாகப் பிடிக்காத ஓர் இணைப்போ, குறையோடு வந்த ஒரு சிறு ஐசியோ (மின்சில்லு) தொழிற்சாலைச் சோதனையில் தப்பிவிடும். பிறகு சூடேறி ஆறி, சூடேறி ஆறி, சில கிழமைகளில் விட்டுவிடும். அதனால்தான் பழுதுகள் தொடக்கத்தில் கூடுதலாகவும், நடுவில் குறைவாகவும், கடைசியில் தேய்மானத்தால் மீண்டும் கூடுதலாகவும் இருக்கின்றன. 2016 ஓகஸ்டில் சந்தைக்கு வந்த சாம்சங் கலக்சி நோட் 7 அடுத்த மாதத்திலேயே திருப்பி அழைக்கப்பட்டது, ஒக்டோபரில் உற்பத்தியே நிறுத்தப்பட்டது. பற்றரியின் தயாரிப்புக் குறைதான் காரணம் என்று அந்த நிறுவனமே 2017 ஜனவரியில் அறிவித்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே நடந்தது என்றால், உங்கள் கையில் பிழை இருந்தே ஆகவேண்டும் என்று யாரும் தொடங்கமுடியாது.

தண்ணீர் பட்டது என்பதற்குச் சான்று கேளுங்கள். பெரும்பாலான போன்களில் சிம் தட்டு நுழையும் துவாரத்தின் உட்புறத்திலோ போனின் உள்ளேயோ, குண்டூசித் தலையைவிடச் சற்றுப் பெரிய வெள்ளை ஒட்டு ஒன்று இருக்கும். நீர் தொட்டால் அது சிவப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ மாறும். சிம் தட்டை வெளியே எடுத்து, டோர்ச் அடித்து, முதலில் நீங்களே பாருங்கள். வெள்ளையாக இருந்தால் அதைப் படமெடுத்து வையுங்கள். இனித் திறந்து பார்த்துவிட்டு இதே முடிவைச் சொன்னால், எந்த இடத்தில் கறை, எந்த ஒட்டு நிறம் மாறியது என்று படத்தோடு எழுத்தில் தரச்சொல்லிக் கேட்பது உங்கள் நியாயமான உரிமை. திறக்காமல் சொன்ன தீர்ப்புக்கு எங்கள் தொழிலில் மதிப்பில்லை.

இப்போது காலக்கெடுவுக்கு வருகிறேன். இது உங்களுக்கு யாரும் சொல்லாத செய்தியாக இருக்கக்கூடும். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, உற்பத்தியாளரோ வியாபாரியோ வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளை விற்றால், அதுபற்றி அதிகார சபை விசாரிக்கலாம் என்கிறது. விசாரணைக்குப் பின் நட்டஈடு கொடுக்கவோ, வேறு பொருள் மாற்றிக் கொடுக்கவோ, காசைத் திருப்பிக் கொடுக்கவோ கட்டளையிடலாம். ஆனால் முறைப்பாட்டை விற்பனை நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும். ஏழு கிழமை கடந்துவிட்டது. எஞ்சியிருப்பது ஆறு கிழமை அளவு. கடைக்காரர் கேட்பதோ ஆறு எட்டுக் கிழமை. அவர் தெரிந்து கேட்கிறாரா, தெரியாமல் கேட்கிறாரா என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் போன் கொழும்பிலிருந்து 'வாரண்டி இல்லை' என்ற துண்டோடு திரும்பி வரும் நாளில் உங்கள் மூன்று மாதம் முடிந்திருக்கும். ஆகவே போனைக் கொடுப்பதும் முறைப்பாடு எழுதுவதும் ஒன்றன்பின் ஒன்றாக அல்ல, ஒரே கிழமையில் நடக்கவேண்டும்.

எழுதுவது கடினமில்லை. வடக்கில் தமிழ் நிர்வாக மொழி, தமிழிலேயே எழுதுங்கள். ஒரு முழுத்தாளில் வாங்கிய திகதி, விலை, போனின் மொடல், ஐஎம்இஐ இலக்கம் (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள இலக்கம்), நின்றுபோன திகதி, கடைக்குப் போன திகதி, அங்கே சொன்ன வார்த்தைகள், நீங்கள் கேட்பது திருத்தமா மாற்றுப் போனா காசா என்பது, இவ்வளவும் இருந்தால் போதும். முதற்பிரதியைப் பதிவுத் தபாலில் கடைக்கு அனுப்பி, அந்தத் தபால் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். மறுபிரதியைப் பற்றுச்சீட்டின் பிரதியோடு அதிகார சபைக்குக் கொடுங்கள்; எந்த அலுவலகத்தில் கையளிப்பது என்று 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தோ மாவட்டச் செயலகத்தில் விசாரித்தோ அறியலாம். போன் எழும்பாவிட்டாலும் 15 இலக்க ஐஎம்இஐ பெட்டியில் அச்சிட்டிருக்கும்; பற்றுச்சீட்டில் எழுதியிருப்பதும் அதுவும் ஒன்றுதானா என்று இலக்கம் இலக்கமாக ஒப்பிடுங்கள். அதை 'IMEI' என்ற ஆங்கில எழுத்துகளுக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு எழுதி 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் பதிவில் அந்தப் போன் இருக்கிறதா என்று பதில் வரும். முறைப்படி இறக்குமதியான போனா என்பதை அது காட்டும்.

பற்றுச்சீட்டை இன்றைக்கே போட்டோப் பிரதி எடுங்கள். கடைகளில் இயந்திரம் அடித்துத் தரும் வழவழப்பான தாளில் எழுத்து வெப்பத்தால் உண்டாவது. எங்கள் வெயிலில், அதுவும் போன் உறைக்குள் மடித்து வைத்தால், சில மாதத்தில் வெள்ளைத் தாளாகிவிடும். பற்றுச்சீட்டே தரவில்லை என்றால் இப்போது போய்க் கேளுங்கள். வாங்கியவர் கேட்டால் கொடுக்கவேண்டும் என்று அதே சட்டத்தின் 28ஆம் பிரிவு சொல்கிறது. 'கம்பனி வாரண்டி' என்று எழுதியிருக்கிறதா, 'கடை வாரண்டி' என்று எழுதியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். கம்பனி வாரண்டி என்றால் கடையை நம்பியிராமல் அந்தக் கம்பனியின் சேவை நிலையத்துக்கு நீங்களே நேரில் கொண்டுபோகலாம். கைமாறும் நாட்கள் மிச்சமாகும். கடை வாரண்டி என்றால் பொறுப்பு முழுவதும் கடையுடையது, கொழும்பைக் காட்டி அவர்கள் ஒதுங்கமுடியாது. வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பிய போன் வைத்திருக்கும் மற்ற வாசகருக்கும் ஒரு வார்த்தை: பெரும்பாலும் வாரண்டி வாங்கிய நாட்டோடு நின்றுவிடும், அனுப்புபவரிடம் பற்றுச்சீட்டையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள்.

இனி, நீங்கள் கடைசியாகக் கேட்டது. எனக்கு அதுதான் முதற் கேள்வி. முன்பெல்லாம் செத்த போனிலிருந்து நினைவக ஐசியைக் கழற்றி வேறு கருவியில் வைத்துப் படங்களை எடுத்துவிடுவோம். இப்போது அது நடக்காது. 2019இல் வந்த அன்ட்ரொயிட் 10 முதல் புதிய போன்களில் உள்ளிருக்கும் தகவல் எல்லாம் பூட்டெழுத்தாக, அதாவது திறப்பில்லாமல் வாசிக்கமுடியாதபடி மாற்றித்தான் சேமிக்கப்படுகிறது. அந்தத் திறப்பு, போனின் மெயின்போர்ட் என்ற உட்பலகையில் இருக்கும் ஐசிக்குள் இருக்கிறது. போர்ட் உயிர்பெற்று, உங்கள் இரகசிய இலக்கமும் கொடுக்கப்பட்டால்தான் படம் படமாக வரும். வாரண்டிச் சேவை நிலையம் பழுதான ஐசியைத் தேடிக்கொண்டிருப்பதில்லை; முழு மெயின்போர்ட்டையும் கழற்றிப் புதியதைப் போட்டு, சுத்தமான போனாகத் தந்துவிடும். அவர்கள் பக்கம் அது முறையான வேலை. உங்கள் பக்கம் அம்மாவின் குரல் அந்தப் பழைய போர்டோடு போய்விடும்.

ஆகவே கொடுக்கும்போது வேலைச் சீட்டில் இரண்டு வரி எழுதுவியுங்கள்: "மெயின்போர்ட்டை மாற்றுமுன் அல்லது தகவலை அழிக்குமுன் உரிமையாளரின் சம்மதம் பெறவேண்டும்; முதலில் பழுதைக் கண்டறிந்து அறிவிக்கவும்." போனின் ஆறு பக்கத்தையும் கடை மேசையிலேயே படமெடுங்கள், கீறல், உடைவு இல்லை என்றும் சீட்டில் வரட்டும். சிம் அட்டையையும், மெமரி கார்ட் இருந்தால் அதையும் கழற்றி எடுத்துக்கொண்டே கொடுங்கள். அந்தக் கார்ட்டை முதலில் வேறொரு போனில் போட்டுப் பாருங்கள், படங்கள் அதிலேயே இருந்தால் கவலை தீர்ந்தது.

திரை, பற்றரி, சார்ஜ் துவாரம் என்று சொன்னால் தயங்காமல் செய்யச் சொல்லுங்கள், ஆனால் தகவலை அழிக்காமல் செய்யச் சொல்லுங்கள். போர்ட் மாற்றவேண்டும் என்று சொன்னால் நீங்கள் முடிவெடுக்கவேண்டிய இடம் அதுதான். வேறெங்கும் பிரதி இல்லையென்றால், என் தாயாராக இருந்தால், நான் வாரண்டியை விட்டுவிட்டுப் போர்டை மீட்கக்கூடியவரிடம் கொண்டுபோவேன். நுண்ணோக்கியும் மின்வழங்கியும் வைத்து ஐசி மட்டத்தில் வேலை செய்பவராக அவர் இருக்கவேண்டும். உங்கள் ஊர்த் தம்பியிடம் அவை இருக்கின்றனவா என்று மரியாதையாகக் கேளுங்கள். இருந்தால் அவரே போதும். வெப்பக் காற்று அடிக்கும் கருவி மட்டும் இருந்தால் வேண்டாம்; தவறான இடத்தில் ஒருமுறை சூடு பட்டால் பிறகு யாராலும் எதுவும் செய்யமுடியாது. மீட்கும் வேலை பலிக்கும் என்று முன்கூட்டியே உறுதி சொல்பவரிடம் கொடுக்காதீர்கள்.

ஆனால் அந்த முடிவுக்குப் போகுமுன் பிரதி இருக்கிறதா என்று தேடவேண்டும். வேறொரு போனில் உங்கள் கூகுள் கணக்கைத் திறந்து 'கூகுள் போட்டோஸ்' பாருங்கள். புதுப் போன் வாங்கும்போது கடைப் பொடியனே கணக்கைத் திறந்து கொடுத்து, கடவுச்சொல் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். எங்கள் பக்கத்தில் பத்துக்கு ஆறேழு பேரின் நிலை அதுதான் என்பது என் மேசையில் கண்ட அனுபவம். அந்தக் கணக்கில் உங்கள் சிம் இலக்கம் பதிந்திருந்தால், அதற்கு வரும் குறியீட்டைக் கொண்டு கடவுச்சொல்லை மாற்றமுடியும். மாற்றி, ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். திருத்திய போனை மீண்டும் திறக்கும்போதும் அந்தக் கணக்கும் கடவுச்சொல்லும் கேட்கக்கூடும். வங்கிச் செயலி அதில் இருந்தால், போனைக் கையளிக்குமுன் வங்கிக்கு அழைத்து அந்தப் போனிலான பாவனையை நிறுத்தச் சொல்லுங்கள்.

சிம் அட்டையைப் பழைய போன் ஒன்றில் போட்டு, அதே கூகுள் கணக்கையும் அதில் சேர்த்த பிறகுதான் வட்ஸ்அப்பைத் திறக்கவேண்டும். பழைய பிரதியை மீட்கவா என்று அது ஒரேயொரு தடவை கேட்கும். அவசரத்தில் 'ஸ்கிப்' என்று அழுத்திவிட்டால் புதிய வெறும் பிரதி பழையதன்மேல் எழுதப்பட்டுவிடக்கூடும். எனவே நல்ல சிக்னல் உள்ள இடத்தில், இயன்றால் வைஃபை உள்ள உறவினர் வீட்டில் இருந்துகொண்டு, 'ரெஸ்டோர்' என்பதையே அழுத்துங்கள்.

கனடாவிலுள்ள அக்காவிடம் இன்றிரவே பேசுங்கள். நீங்கள் அனுப்பிய படங்களும் குரலும் வட்ஸ்அப் நிறுவனத்திடம் கிடப்பதில்லை, அவருடைய போனில்தான் இருக்கின்றன. இடம் போதவில்லை என்று அவர் அந்த உரையாடலை வெறுமையாக்கினால் அதுவும் போய்விடும். எதையும் அழிக்காமல், அம்மாவின் படங்கள் ஒவ்வொன்றையும் குரற்பதிவுகளையும் தன் போனிலிருந்து கணினிக்கு மாற்றி, ஈமெயிலிலும் உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். செத்தவீட்டுக்கு வந்தவர்களில் யார் யாருக்கு நீங்கள் படம் அனுப்பினீர்கள் என்றும் நினைத்துப் பார்த்து, அவர்களிடமும் கேளுங்கள்.